கவட்டை, கயிறு, பாலம்: போன் புதிர் கேம் பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல பொழுதுபோக்கு பத்தி எழுதினப்ப, போன்ல ஆடுற புதிர் கேம் பத்தி ஏதாவது கேக்கணும்னா அனுப்புங்கன்னு கடைசில ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஊருங்கள்ல இருந்துதான், மீன்பிடி தடைக்காலம் வேற, படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கு, ஆளுங்க கையில போன் இருக்கு. கேட்டதும் பெரும்பாலும் ஒரே வகை கேம் பத்தி. எறியுறது, உருளுறது, தொங்குறது, சாயுறதுன்னு நிஜத்துல பொருள் எப்படி நகருமோ அதே மாதிரி நகர்ற ஃபிசிக்ஸ் புதிர் கேம். அதனால இந்த தடவை வேற கேள்வியே எடுக்கல.

கேள்வி (மண்டபம், விசைப்படகு தொழிலாளி): ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கடலுக்குப் போக முடியாது. காலைல வலையில கிழிசல் பார்க்கிற வேலை முடிஞ்சா மத்தியானத்துக்கு மேல படகு நிழல்ல உக்காந்து, குருவியைக் கவட்டையில வச்சு அடிக்கிற கேம் ஆடுறேன். வீட்டுல சின்னப்புள்ளையாட்டம் ஆடுறியேன்னு சத்தம். இதுல மூளைக்கு ஏதாவது வேலை இருக்கா? அப்புறம் முன்னாடி உயரமா சுவர் இருக்கிற லெவல்ல குருவி சுவத்துல முட்டியே விழுந்துடுது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

பதில்: வேலை நிறைய இருக்குண்ணே. நீங்க ஆடுறது ஆங்ரி பேர்ட்ஸ், பின்லாந்து நாட்டு ரோவியோ கம்பெனி 2009 டிசம்பர்ல ஐபோனுக்கு விட்டது, அப்புறம் எல்லா போனுக்கும் வந்துச்சு. குருவி எந்த வழியா போகணும்னு அதுக்குள்ள யாரும் முன்னாடியே வரைஞ்சு வைக்கல. நீங்க எவ்வளவு இழுத்தீங்க, எந்தக் கோணத்துல விட்டீங்க, அதை வச்சுக்கிட்டு இப்ப குருவி எங்க இருக்கு, என்ன வேகம், பூமி எவ்வளவு கீழ இழுத்துடுச்சு, எதுல முட்டுச்சுன்னு ஒவ்வொரு செகண்டுக்கும் பல தடவை கணக்கு போட்டுக்கிட்டே இருக்கு. அந்தக் கணக்கு போடுற எஞ்சினுக்கு பாக்ஸ்2டின்னு பேரு, எரின் கேட்டோங்கிறவர் எழுதி யார் வேணா எடுத்துக்கலாம்னு இலவசமா விட்டுட்டார், இந்த மாதிரி எத்தனையோ கேமுக்குள்ள அதுதான் ஓடுது.

இப்ப சுவர் விஷயம். எறிஞ்ச பொருள் பரவளையமா வளைஞ்சு போகும்னு கலிலியோ 1638லயே புத்தகத்துல எழுதிட்டார். அதுல இருந்து நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ஒரே இழுப்புல ஒரே இடத்துல போய் விழ ரெண்டு கோணம் இருக்கு, ரெண்டையும் கூட்டினா 90 வரும். 30 டிகிரில விட்டா தாழ்வா வேகமா போயி விழும், 60ல விட்டா மேல ஏறி அதே இடத்துல செங்குத்தா இறங்கும். 45 வச்சாதான் ரொம்ப தூரம், ஆனா உங்களுக்கு தூரம் வேணாம், சுவரைத் தாண்டணும், அதனால முழுசா இழுத்து கோணத்தை மட்டும் ஏத்திப் பாருங்க, சுவத்துக்கு பின்னாடி மேல இருந்து விழும். கோபுரம் மாதிரி அடுக்கி வச்சதைச் சாய்க்கணும்னா நேர் எதிர், தாழ்வா வேகமா விட்டு கோபுரத்தோட மேல்பாதியில அடிங்க, அடியில அடிச்சா அடிக்கட்டை மட்டும் நகரும், மேல அடிச்சாதான் எடை காலைத் தாண்டி வெளிய போயி மொத்தமா சாயும். ஐஸ் பெட்டியை உயரமா அடுக்கின படகு அலையில ஏன் ஆடுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அதே கணக்குதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க, அந்த கேம்ல காத்து கிடையாது. கச்சான் காத்து அடிக்கிற கரையில கல்லு எறிஞ்ச கை காத்துக்கும் சேர்த்து ஒரு பக்கமா ஒதுக்கி எறியும், அந்தப் பழக்கத்தை அங்க விட்டுடணும்.

வீட்டுல சொல்றதுக்கு: நான் இந்த வகை கேமை மதிக்கிறதுக்குக் காரணம், தோத்த அடுத்த நிமிஷமே ஏன் தோத்தோம்னு கண்ணால பார்த்துடலாம். குட்டையா விழுந்துச்சு, அடுத்த தடவை கொஞ்சம் தூக்கணும், அவ்வளவுதான். சீட்டு எப்படி விழுந்துச்சுன்னே தெரியாம தோக்குற ஆட்டத்துல அந்த நியாயம் இல்ல. ஒரு லெவலை அண்ணிக்கிட்ட கொடுத்து ஆட வைங்க, அப்புறம் சத்தம் குறையும்னு நினைக்கிறேன். இன்னொண்ணு, அந்தப் பழைய முதல் கேமை ரோவியோ 2022ல திரும்ப புதுசா செஞ்சு விட்டு, 2023ல கூகுள் ப்ளே ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்க, அதனால ஆண்ட்ராய்டுல தேடி கிடைக்கலைன்னா உங்க போன்ல குறை இல்ல, கண்ட சைட்ல இருந்து இறக்காதீங்க.

கேள்வி (கீழக்கரை, வாசகி): எங்க உம்மாவுக்கு 62 வயசு. வாப்பா மவுத்தானதுக்கு அப்புறம் சாயங்காலம் தனியா இருக்காங்களேன்னு பழம் போடுற கேம் ஒண்ணு ஏத்திக் கொடுத்தேன், ரெண்டு ஒரே பழம் தொட்டா சேர்ந்து பெரிய பழமாகும். நல்லா ஆடுறாங்க, ஆனா ஒழுங்கா அடுக்கி வச்சாலும் திடீர்னு ஒரு பழம் துள்ளிக் குதிச்சு எல்லாத்தையும் கலைச்சுடுது, போன்ல ஏதோ கோளாறுன்னு என்னையப் பிடிச்சுக்கிறாங்க. கோளாறா?

பதில்: போன்ல ஒரு கோளாறும் இல்ல. இந்த கேம் ஜப்பான்ல சுவரில படம் காட்டுற ப்ரொஜெக்டர் செய்யுற கம்பெனி அந்த ப்ரொஜெக்டருக்காகச் செஞ்சது, சூய்கா கேம்னு பேரு, அவங்க மொழில சூய்கான்னா தர்பூசணி. 2021 கடைசில நின்டென்டோ ஸ்விட்ச்ங்கிற கேம் மெஷினுக்கு வந்து, 2023லதான் உலகம் முழுக்க பரவிச்சு. செர்ரில ஆரம்பிச்சு தர்பூசணி வரைக்கும் 11 பழம்.

துள்ளுறதுக்குக் காரணம் இதுதான். ரெண்டு பழம் சேர்ந்த அந்த நொடியில அதே இடத்துல பெரிய பழம் ஒண்ணு உருவாகுது, ஆனா அங்க அவ்வளவு இடம் கிடையாது, சுத்தி இருக்கிற பழத்து மேல அது ஏறி உக்காந்த மாதிரி ஆயிடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கக்கூடாதுங்கிறது எஞ்சினோட விதி, உடனே ரெண்டையும் தள்ளிப் பிரிச்சுடும், அந்தத் தள்ளு சில சமயம் பலமா போயிடும், பக்கத்துல இருக்கிற குட்டிப் பழம் எகிறிடும். குட்டி லேசானது, அதான் அது பறக்குது, பெருசு அசையாது.

அதனால உம்மாக்கிட்ட சொல்லுங்க, பெரிய பழத்தை ஒரு மூலையில ஒதுக்கி, அங்க இருந்து பெருசு, அதை விட சிறுசு, அதை விட சிறுசுன்னு வரிசையா இறக்கிட்டு வரணும். ரெண்டு பெரிய பழத்துக்கு நடுவுல குட்டிப் பழம் மாட்டுனா அது கடைசி வரைக்கும் வெளிய வராது, அதுதான் இந்த கேம்ல எல்லாரையும் கவுக்குறது. பெட்டி மேல் கோடு வரைக்கும் நிறைஞ்ச பிறகு அவசரப்பட்டு பிரயோஜனம் இல்ல, பாதி இருக்கும்போதே யோசிக்கணும்.

இந்த கேம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதையும் சொல்லிடுறேன், நேரக்கட்டுப்பாடு கிடையாது. கையில பழத்தைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணா நிக்கலாம். மஃரிபுக்கு பாங்கு சொன்னா போனை அப்படியே வச்சுட்டு தொழுதுட்டு வந்து அதே இடத்துல இருந்து தொடரலாம், யாரும் பிடிச்சு இழுக்க மாட்டாங்க. வயசானவங்களுக்கு கேம் ஏத்திக் கொடுக்கிற எல்லாருமே முதல்ல இதைத்தான் பார்க்கணும். ஒண்ணு மட்டும் கவனிங்க, போன்ல இதுக்கு நகல் கேம் நிறைய இருக்கு, சிலதுல பத்து பழம் போடுறதுக்குள்ள விளம்பரம் வந்து நிக்கும், உம்மா தெரியாம அமுக்கிடுவாங்க. ஏத்தி நீங்க ஒரு சாயங்காலம் ஆடிப் பார்த்துட்டு கொடுங்க.

கேள்வி (தங்கச்சிமடம்): மிட்டாயைக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, அறுத்து விட்டா பச்சைக் குட்டி வாயில போய் விழணும். எங்க அண்ணன் மகன் ஏழு வயசுப் பய சட்டுன்னு முடிக்கிறான், எனக்கு மட்டும் வர மாட்டேங்குது. எப்ப அறுக்கணும்?

பதில்: கட் த ரோப். ஜெப்டோலேப்னு ரஷ்யாவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள் ஆரம்பிச்ச கம்பெனி 2010 அக்டோபர்ல விட்டது, இன்னும் சலிக்கல.

ஊஞ்சலாடுற பொருளுக்கு நடுவுல, அதாவது ரொம்பக் கீழ வரும்போதுதான் வேகம் அதிகம், ரெண்டு ஓரத்துலயும் ஒரு கணம் வேகமே இருக்காது. ஓரத்துல அறுத்தா நேரா கீழ விழும். நடுவுல அறுத்தா பக்கவாட்டுல பாயும், ஆனா அங்க இருந்தே கீழ வளைய ஆரம்பிச்சுடும். நடுவைத் தாண்டி கொஞ்சம் மேல ஏறும்போது அறுத்தா மேலயும் போயி தூரமும் போகும். பெரும்பாலும் நாம தப்பு பண்றது ஓரத்துக்குப் போகட்டும்னு காத்திருந்து அறுக்கிறதுலதான். கயிறு நீளமா இருந்தா மெதுவா ஆடும், குட்டையா இருந்தா வேகமா ஆடும், மிட்டாயோட எடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அதனால நீளக் கயித்துல உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். பயலோட விரல் வேகம்னு நினைக்காதீங்க, அவன் நூறு தடவை தப்பா அறுக்க கூச்சப்பட மாட்டான், நாம ரெண்டு தடவையில கோவிச்சுக்கிறோம்.

கேள்வி (தேவிபட்டினம், கல்லூரி மாணவர்): நெட் இல்லாம ஆடுற மாதிரி சொல்லுங்க.

பதில்: வேர்ல்ட் ஆஃப் கூ. 2008ல ரெண்டே பேர் சேர்ந்து செஞ்சது, பிசுபிசுன்னு உருண்டையை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கோபுரம் கட்டணும், காசு கொடுத்து ஒரு தடவை வாங்கினா போதும், நெட் வேணாம், விளம்பரம் வராது. தனுஷ்கோடி பக்கம் போனா போன் இலங்கை டவரைப் பிடிக்கிறது உங்களுக்கே தெரியும், அங்க உக்காந்து ஆடுறதா இருந்தா ஃப்ளைட் மோட் போட்டுட்டு ஆடுங்க, சார்ஜும் மிச்சம்.

கேள்வி (பாம்பன்): பாலம் கட்டுற கேம் ஒண்ணு ஆடுறேன். கீழ கப்பல் போகும்போது பாலம் திறக்கணும், போன பிறகு மூடி வண்டி போகணும். நம்ம ஊர்ல பொறந்துட்டு இது வரலைன்னா அசிங்கமில்லையா? திறக்கும்போதே ஒடிஞ்சு விழுது.

பதில்: இந்தக் கேள்வி பாம்பன்ல இருந்து வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா இதுக்கு பதில் உங்க வீட்டு வாசல்ல இருந்தே தெரியுது.

கேம் போலி பிரிட்ஜ்னு நினைக்கிறேன், 2016ல முழுசா வந்தது, அடுத்து 2020ல ரெண்டாவது பாகம் வந்தப்ப பாலத்துக்குன்னே தனியா எஞ்சின் எழுதினாங்க. முதல்ல ஒடியுற விஷயம். நாலு கட்டையைச் சதுரமா இணைச்சா பக்கவாட்டுல தள்ளுனதும் சாஞ்சு படுத்துடும், மூணு கட்டையை முக்கோணமா இணைச்சா கட்டை ஒடிஞ்சாலொழிய வடிவம் மாறாது. பழைய பாம்பன் பாலத்துல கப்பல் போற இடத்துல இருந்த இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்பீங்க, அங்க எத்தனை முக்கோணம்னு எண்ணுனாலே போதும். உங்க பாலத்துல முக்கோணமா மூடாத கட்டம் எதாவது இருந்தா அங்கதான் ஒடியும். வண்டி போகும்போது கட்டை கலர் பச்சையில இருந்து சிவப்பா மாறுதுல்ல, அதைப் பார்க்காம வண்டியை மட்டும் பார்க்கிறதுதான் எல்லாரும் செய்யுறது. முதல்ல எது சிவப்பாகுதோ அதுக்கு மட்டும் முட்டு கொடுங்க, பாலம் முழுக்க கட்டையை அள்ளிப் போட்டா எடை கூடி வேற இடத்துல போகும், பட்ஜெட்டும் போகும்.

திறக்கிறதுக்கு வருவோம். 1914ல திறந்த பழைய பாலத்துல இருந்தது ஷெர்சர் தூக்குப் பாலம், நடுவுல பிரிஞ்சு ரெண்டு கையும் ரெண்டு பக்கமா மேல எழும்பும், ஆளுங்க நின்னு கையாலயே சுத்தித் திறப்பாங்க. அத்தனை டன் இரும்பை மனுஷக் கை தூக்க முடிஞ்சதுக்குக் காரணம் பின்னாடி இருந்த எதிர் எடை, முன்பக்க பாரத்தை பின்பக்க பாரம் சரிக்கட்டிடும், ஆளு போடுற பலம் அசைக்கிறதுக்கு மட்டும்தான். 2025 ஏப்ரல் 6ல திறந்த புதுப் பாலம் வேற மாதிரி, 72.5 மீட்டர் நீளத் துண்டு மடங்காம பிரியாம அப்படியே படுக்கைவாட்டுல மேல போகும், ரெண்டு பக்கமும் கோபுரம், அங்கயும் எதிர் எடை உண்டு, தூக்குறது மோட்டார்.

கேம்ல ஆரம்பிக்கிறவங்க எல்லாம் பழைய பாலத்து வழிதான் போகணும். நடுவுல பிரியுற மூட்டு வைங்க, ரெண்டு பாதிக்கும் கரைப்பக்கம் ஒரு ஹைட்ராலிக், அதாவது நீண்டு பாலத்தைத் தள்ளித் தூக்குற தண்டு, வைங்க. உங்களுக்கு ஒடியுறது ஹைட்ராலிக்கை கரைக்கு ஒட்டி ரொம்பக் கிட்ட வச்சதாலன்னு நினைக்கிறேன், கிட்ட வச்சா கொஞ்சம் நீண்டாலே பாலம் நிறைய எழும்பும், பார்க்க நல்லாருக்கும், ஆனா அந்த ஒரு புள்ளியில மொத்த பாரமும் வந்து உக்காரும். கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி வைங்க, எழும்புற உயரம் குறையும், ஆனா கப்பல் போற அளவுக்கு எழும்புனா போதுமே. தூக்குற பாதியை முடிஞ்சவரை லேசா கட்டுங்க, ரோட்டுத் துண்டே கனம்.

இன்னொரு விஷயமும் இந்த கேம் ஆடுறவங்க நினைச்சுப் பார்க்கணும்னு எனக்கு ஆசை. அங்க உப்புக்காத்து இல்ல, துரு இல்ல, புயல் இல்ல. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட தனுஷ்கோடியே போச்சு, பாலத்துல கர்டர்ங்கிற இரும்பு உத்தரமெல்லாம் கடலுக்குள்ள போச்சு, அதை ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல திரும்ப நிக்க வச்சாங்க. நாம திரும்ப ஆடுன்னு ஒரு பட்டனை அமுக்குறோம், அவங்க கடலுக்குள்ள இருந்து இரும்பைத் தேடி எடுத்தாங்க. அந்தப் பாலத்து மேல போய் வந்த ஜனங்களோட பிள்ளைங்க இந்த கேமை நல்லா ஆடணும். வரலைன்னா அசிங்கம் எதுவும் இல்ல, இன்னும் ரெண்டு முக்கோணம் போட்டுப் பாருங்க.

கேள்வி (தொண்டி, பள்ளி ஆசிரியை): அதே இடத்துல அதே மாதிரிதான் விடுறேன், ஒரு தடவை எல்லாம் விழுது, அடுத்த தடவை விழ மாட்டேங்குது. இதெல்லாம் அதிர்ஷ்டக் கணக்குதானா? அப்படின்னா ஃபிசிக்ஸ்னு சொல்றது எதுக்கு?

பதில்: டீச்சர், அதிர்ஷ்டம் எதுவும் கலக்கல. அதே இடம்னு நாம நினைக்கிறது விரலுக்கு அதே இடம், ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி தள்ளி இருக்கும். காத்துல போற வரைக்கும் அந்த ஒரு புள்ளி பெரிய விஷயமே இல்ல, ஆனா அடுக்குன கட்டையில முட்டுன பிறகு ஒவ்வொரு மோதலும் அந்த வித்தியாசத்தைப் பெருக்கிக்கிட்டே போகும், பத்து மோதல் தாண்டுனா வேற முடிவு. நிஜத்துலயும் அப்படித்தானே, ஒரே மாதிரி ரெண்டு தடவை கோலிக்குண்டு அடிக்க முடியாது.

எஞ்சின் பக்கமும் ஒரு காரணம் இருக்கு. நேரத்தைத் துண்டு துண்டா வெட்டித்தான் அது கணக்கு போடுது, பொதுவா செகண்டுக்கு 60 துண்டு. ரொம்ப வேகமா போற பொருள் ஒரு துண்டுல சுவத்துக்கு இந்தப் பக்கமும் அடுத்த துண்டுல அந்தப் பக்கமும் இருந்தா, முட்டுனதே எஞ்சினுக்குத் தெரியாது, சுவரை ஊடுருவிப் போயிடும். இதுக்குன்னு தனியா சோதனை வச்சு தடுப்பாங்க, ஆனா எல்லா கேம்லயும் எல்லாப் பொருளுக்கும் அதைப் போட மாட்டாங்க, போன் திணறிடும்.

நீங்க டீச்சர்ங்கிறதால ஒரு வேண்டுகோள். க்ரேயான் ஃபிசிக்ஸ் டீலக்ஸ்னு ஒரு கேம், பின்லாந்துல பெட்ரி புர்ஹோ செஞ்சது, 2008ல சுயாதீன கேம்களுக்கான விழாவுல பெரிய பரிசு வாங்குச்சு. க்ரேயான்ல எதை வரைஞ்சாலும் அது நிஜப் பொருளா மாறி கீழ விழும், உருளும். சாய்தளம், நெம்புகோல், கப்பி எல்லாம் பிள்ளைங்க தானா கண்டுபிடிச்சு வரையும், பந்தை நட்சத்திரத்துக்கிட்ட கொண்டு போறதுக்கு ஒரே விடைன்னு கிடையாது, இருபது பிள்ளைங்க இருபது விதமா கொண்டு போகும். பாடம் நடத்துறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இதை ஆட விடுங்க, அப்புறம் நெம்புகோல்னா என்னன்னு நீங்க கேளுங்க.

கேள்வி (ராமேஸ்வரம், சங்கு சிப்பி கடை வச்சிருக்கும் வாசகி): யாத்திரைக்காரங்க வராத நேரத்துல கடையில உக்காந்து ஆடுவேன். முதல்ல சும்மா இருந்துச்சு, இப்ப அஞ்சு தடவை தோத்தா அரை மணி நேரம் காத்திரு, இல்லைன்னா காசு கட்டுங்குது. என் மகன் வேற என் போன்ல ஏதோ அமுக்கி காசு போயிடுச்சு. என்ன பண்றது?

பதில்: அக்கா, அந்த கேமை இன்னைக்கே எடுத்துடுங்க. கோபத்துல சொல்லல, அந்த வகை கேம்ல புதிர் கஷ்டமா இருக்கிறது உங்க யோசனைக்காக இல்ல, நீங்க அஞ்சு தடவை தோக்கணும்னே கஷ்டமாக்கி வச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் எவ்வளவு யோசிச்சாலும் பணம்தான் வழி. யோசனைக்கு மரியாதை இல்லாத புதிரை ஆடி என்ன பண்றது?

காசுக்கு: கூகுள் ப்ளேல வாங்கினதா இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள திருப்பிக் கேக்கலாம், அதனால தள்ளிப் போடாதீங்க. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல போய் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேக்கணும்னு போட்டு வைங்க, பயலுக்கு அந்த பாஸ்வேர்ட் தெரியக்கூடாது. பணம் கட்டி பணம் ஜெயிக்கலாம்னு வர்ற ரம்மி மாதிரி ஆட்டம் பக்கம் யாராவது கூப்பிட்டா போகவே போகாதீங்க, 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு அதுக்குத் தடைச் சட்டமே கொண்டு வந்துச்சு, அப்படியும் வேற வேற பேர்ல லிங்க் வரும்.

கடை நேரத்துக்கு ஏத்தது ஒரு லெவல் ரெண்டு மூணு நிமிஷத்துல முடியுற கேம், ஆளு வந்தா பாதியில வச்சுட்டு எழுந்திரிக்க மனசு வரணும். மேல சொன்ன மிட்டாய் கேம் சரியா இருக்கும். ஆண்ட்ராய்டு போன்ல டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்கும், அதுல ஒரு கேமுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்னு வச்சுடலாம், நேரம் முடிஞ்சா தானா மூடிக்கும்.

கேள்வி (ஏர்வாடி): ஒரே லெவல்ல மாட்டிக்கிட்டேன். யூட்யூப்ல விடை இருக்கு, பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், ஆனா முதல் பத்து செகண்ட் மட்டும் பாருங்க, பெரும்பாலும் நாம மாட்டுறது முதல் அசைவுலதான், அது தெரிஞ்சா மீதி உங்களுக்கே வரும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை இப்படி முயற்சி பண்ணுங்க: ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒண்ணை மட்டும் மாத்துங்க, கோணத்தை மாத்துனா இழுப்பை மாத்தாதீங்க, ரெண்டையும் சேர்த்து மாத்துனா எதனால சரியாச்சு எதனால கெட்டுச்சுன்னே தெரியாது. ஜெயிக்கணும்னு இல்லாம எது எது ஆடுது, எது எது அசையவே அசையாதுன்னு பார்க்கிறதுக்குன்னே ஒரு ஆட்டத்தை வேணும்னே தோத்துடுங்க. அப்படியும் வரலைன்னா எந்த கேம், எத்தனையாவது லெவல்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல அதை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.